கிடங்கில் இல்லாத பெயர்கள்

வெண்ணளத்தில் பதினான்கு வருஷமாக எந்த இயந்திரமும் நின்றதில்லை. வீட்டுச் சுவரில் பதித்திருக்கும் பலகையிடம் எதைக் கேட்டாலும் பச்சை எழுத்தில் 'சரி' என்று வரும். தண்ணீர் வேண்டுமா, சரி. பாலம் உறுதியாக இருக்கிறதா, சரி. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்து வயிற்றெரிச்சல். அங்கெல்லாம் வாரத்துக்கு ஒரு இயந்திரமாவது சிவப்பு எழுத்தைக் காட்டிவிட்டு மல்லாந்துவிடும். வெண்ணளத்துக்காரர்களோ சிவப்பு எழுத்து எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோனார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தங்கபுஷ்பம் தன் வீட்டுப் பலகையைச் சுவரிலிருந்து திருகிக் கழற்றி, துண்டில் சுற்றி, நகர இயக்ககத்துக்கு நேரிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அலுவலகத்துக்கு ஆள் நேரில் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. யார் எழுந்து போய்க் கேட்பது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மென்பொருள் எழுதுகிற இஸ்ரவேல்தான் எழுந்தான்.

அவள் பலகையை அவன் மேஜையில் வைத்தாள். "சார், இது பொய் சொல்லுது" என்றாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷமாக உப்பளத்தில் உப்பை வாரிக் குவிக்கிற வாருவண்டி ஓட்டுகிறாள். உப்பு வெயிலில் அடிக்கிற வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்பதால், அளத்துத் தொழிலாளிகளின் கண்ணை அவரவர் வீட்டுப் பலகையே மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நகரத்தில் சட்டம். பலகை பார்த்தது. மாதா மாதம் 'சரி' என்றது. இடது கண்ணில் புகை மூட்டம் போட்டபோதும் சரி என்றது, அந்தக் கண்ணே அவிந்தபோதும் சரி என்றது. இப்போது வலது கண்ணிலும் புகை வந்திருந்தது. கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் பலகை சீட்டுக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். பலகையோ கண் நன்றாக இருக்கிறது என்கிறது. பதினொரு தடவை புகார் கொடுத்திருக்கிறாள். பதினொரு தடவையும் 'சரி, கவனிக்கப்பட்டது' என்று பதில் வந்திருக்கிறது.

பேசும்போது அவள் இஸ்ரவேலைப் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. அதை அவன் கவனித்தான். உட்காரச் சொல்லிவிட்டுத் தன் சோதனை நகலைத் திறந்தான்.

வெண்ணளத்தை ஓட்டுகிற மென்பொருளுக்கு 'நகரி' என்று பெயர். ஆயிரக்கணக்கான வேலைகள் தெரிந்தது, ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தலையில் ஏற்றிக்கொண்டு திரியாது. ஒரு வேலையின் பெயரைச் சொல்லி அழைத்தால்தான், கிடங்கில் தேடி, எடுத்து ஏற்றிக்கொள்ளும். இதை அழைப்பேற்றம் என்பார்கள். கிடங்கில் எந்தெந்த அறையில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத அறைப்பக்கம் நகரி எட்டிக்கூடப் பார்க்காது. ஆரம்பகாலத்தில் இஸ்ரவேல் எழுதியதுதான் இவ்வளவும்.

தன் மேஜையில் இருந்த நகரியின் சோதனை நகலில் 'உப்பளக் கண் சோதனை' என்று அழைத்தான். கண்ணைப் பார்க்கிற விளக்கு மினுக்கியது, அளவெடுத்தது, ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நிதானமாக வேலையை முடித்தது. குறையே இல்லை.

"என் மேஜையில நல்லாத்தானே ஓடுது" என்றான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும், கூச்சமே இல்லாமல், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற வாக்கியம்.

"அப்போ நான் உங்க மேஜையிலயே குடியிருக்கணுமா சார்?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் கொண்டுவந்த பலகைக்கே மின்சாரம் கொடுத்து, அதிலேயே சோதனையை ஓட்டினான். கண் இமைப்பதற்குள் 'சரி' என்று வந்துவிட்டது. விளக்குகூட எரியவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தான், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நேரத்தில் யார் எந்தக் கண்ணைப் பார்க்க முடியும்?

அந்த இடத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், மேற்கொண்டு பத்து நிமிஷம் வேறு எங்கெங்கோ தேடுவதுபோல் பாவலா பண்ணிக்கொண்டிருந்தான். அப்புறம் வேறு வழியில்லாமல், பலகையில் வெற்றுருவை அணைத்துவிட்டு மறுபடி அழைத்தான். சிவப்பு எழுத்து வந்தது. 'உப்பளக் கண் சோதனை: இந்தப் பெயரில் கிடங்கில் எதுவும் இல்லை.'

வெற்றுரு என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், நகரியின் திறப்பு விழா. பந்தல் போட்டாயிற்று, மேளம் வந்தாயிற்று, அமைச்சரின் கார் ஊர் எல்லையைத் தொட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து, ஏதோ ஒரு பெயர் கிடங்கில் கிடைக்காமல் நகரி சிவப்பைக் காட்டிக்கொண்டு நின்றது. எந்தப் பெயர், எந்த அறை என்று தேட நேரமில்லை. இஸ்ரவேல் பன்னிரண்டு வரி எழுதினான். அழைத்த பெயர் கிடைக்கவில்லையா, அதே பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு உருவை அந்த நிமிஷமே செய்துகொள். அதனிடம் எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்லட்டும். விழா ஜாம்ஜாமென்று நடந்தது. திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

எந்தத் திங்கட்கிழமை? வந்த திங்கட்கிழமை அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிற்காத நகரம் என்று பேர் பரவிற்று. எங்கோ தொலைதூரத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, அந்தப் பன்னிரண்டு வரியை வாங்கிக்கொண்டு போனார்கள். மேடை மேடையாக ஏறி அதைப் பற்றிப் பேசினான். தற்காலிகமாகப் போட்டது என்பதை மட்டும் எந்த மேடையிலும் அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க அரைமணி போதுமாயிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தொழிலாளர் நலம் என்ற அறையைக் கிடங்கில் இடம் மாற்றியிருக்கிறார்கள். தேடும் பட்டியலில் புது இடத்தைச் சேர்க்கவில்லை. அந்தப் பட்டியல் இஸ்ரவேலின் பொறுப்பு. அவன் மேஜையில் மட்டும் ஏன் ஓடியது? அவனுடைய நகலில் காலையில் முதல் வேலையாகப் பொதுக் கண் சோதனை ஓடும். அது போகிற போக்கில் அந்த அறையையும் சேர்த்து இழுத்துவந்துவிடும். அளத்துக்காரர்கள் வீட்டில் அப்படி முன்னால் போய் இழுத்துவர எதுவும் இல்லை. பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தான். பலகையில் விளக்கு எரிந்தது. தங்கபுஷ்பத்தின் கண்ணைப் பார்த்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைத் துப்பியது.

"சின்னப் பழுதுதான்க்கா, சரிபண்ணியாச்சு" என்றான்.

அவள் எழுந்து இரண்டு கையையும் கூப்பி அவனைக் கும்பிட்டாள். நல்லா இருப்பீய என்று வாழ்த்தினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். அவள் சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, சே, இப்படியும் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அவளைப்போல முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஆறு வருஷமாகச் 'சரி'. அன்று மத்தியானமே அத்தனை பேருக்கும் மறுசோதனைக்கு ஏற்பாடு செய்தான். அதோடு நின்றிருக்கலாம். மனசு கேட்கவில்லை. சோதனை நகலில் வெற்றுருவை அணைத்துவிட்டு, நகரம் அழைக்கிற ஒவ்வொரு பெயரையும் அழைத்துப் பார்த்தான். நாலாயிரத்து நூற்றுச் சொச்சம் பெயர்களுக்குக் கிடங்கில் ஆளே இல்லை. அதில் ஒரு பெயரில் அவன் கண் குத்திட்டு நின்றது. 'குறை கேட்பு.' அது தொலைந்துகூடப் போகவில்லை, எழுதப்படவே இல்லை. இரண்டாம் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள், இரண்டாம் கட்டம் வரவே இல்லை. பதினான்கு வருஷமாக இந்த ஊர் ஜனங்கள் எழுதிப்போட்ட புகார் ஒவ்வொன்றையும் வாங்கி 'சரி, கவனிக்கப்பட்டது' என்று சொன்னது அவனுடைய வெற்றுருதான். தங்கபுஷ்பத்தின் பதினொன்றும் அதில் சேர்த்தி.

இயக்ககத் தலைவர் வள்ளிநாயகத்திடம் ஆளில்லாத அந்தப் பெயர்களின் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினான். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

"ஒத்த வரியில ஒண்ணு சரியாச்சுன்னா அந்த ஒண்ணோட நிப்பாட்டும்வே. நாலாயிரத்தையும் வெளிய சொன்னா நாளைக்கு இந்த ஊர்ல ஒரு பய மூஞ்சில முழிக்க முடியாது. உம்ம மூஞ்சியும் அதுல உண்டு."

கெட்ட மனுஷர் இல்லை அவர். பயந்த மனுஷர். இஸ்ரவேலும் பயந்தவன்தான், ஆனால் அவனுக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது. இரண்டு நாள் அல்லாடினான். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தன் வீட்டுப் பலகையின் முன்னால் உட்கார்ந்து, நகர மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். வெற்றுருவைப் போட்டது நான், எடுக்காமல் விட்டது நான், பெருமைக்காக மறைத்ததும் நான் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினான். எழுதும்போது கண்ணீர் வந்தது. அனுப்பினான்.

'சரி, கவனிக்கப்பட்டது.'

அப்பாடா என்று பெருமூச்சு விட்டான். நிஜமாகவே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. எழுந்துபோய்க் காப்பிகூடப் போட்டுக்கொண்டான். பாதிக் காப்பியில்தான், தான் யாரிடம் பாவமன்னிப்பு வாங்கியிருக்கிறோம் என்பது உறைத்தது. டம்ளரை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். ஊரில் எத்தனை பேர் இப்படித்தான் பாரம் இறங்கிப் போயிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்து மணிக்கு அலுவலகம் போனான். யாரிடமும் எதுவும் சொல்லாமல், நகரம் முழுவதற்கும் வெற்றுருவை அணைத்தான்.

வெண்ணளம் நின்றது. பதினான்கு வருஷம் பச்சையாக இருந்த பலகைகளெல்லாம் ஒரே நேரத்தில் சிவந்தன. ஒவ்வொன்றும் தனக்குக் கிடைக்காத பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. குழாயில் தண்ணீர் இல்லை, ரயில் பாதி வழியில் நின்றது, லிஃப்டுகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நகர மறுத்தன. மன்றத்தார் அரக்கப்பரக்க ஓடிவந்தார்கள். இஸ்ரவேல் அவர்கள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை கேட்டது மனிதக் காதுகள் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி. ஊருக்கு உண்மை தெரிந்துவிட்டால் ஊரே தன் பக்கம் நின்று ஒவ்வொரு பெயராக எழுதச் சொல்லும் என்றும் எங்கேயோ ஒரு நப்பாசை.

சாயங்காலத்துக்குள் ஊரின் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆள் அனுப்பிக் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். பலகை வேலை செய்யாததால் வேறு வழியில்லை. பத்தில் ஒன்பது பேர் வெற்றுருவைத் திரும்பப் போடு என்றார்கள். காலையில் ஓடிக்கொண்டிருந்ததுதானே என்றார்கள். ஆறு மணிக்குப் பலகைகள் பச்சையாயின. இஸ்ரவேலை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை, அந்தப் பெயர்ப் பட்டியல் பைக்குள் இருக்க, கண்ணாஸ்பத்திரிக்குப் போனான். தங்கபுஷ்பம் வலது கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கண் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்களாம். வலது கண்ணுக்கு அறுவை முடிந்திருந்தது. கட்டிலோரம் நின்றபடியே அவன் எல்லாவற்றையும் சொன்னான். சின்னப் பழுது என்று சொன்னது பொய் என்பதையும், அவள் கும்பிட்ட கும்பிடை வாங்க அருகதை இல்லாதவன் என்பதையும் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு ஆப்பரேஷன்" என்றாள். "எல்லாம் நின்னுபோனதால மறுநாளுக்குத் தள்ளிட்டாங்க. அந்த ஒரு நாளுல பார்வை எவ்வளவு போச்சோ, கட்டு அவுத்தாத்தான் தெரியுமாம்."

இஸ்ரவேல் தனக்கு அது தெரியாது என்றான். தெரிந்திருந்தால் ஒரு நாள் பொறுத்திருப்பேன் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே கேவலமாக இருந்தது. கடைசியில், ஊரே வெற்றுருதான் வேண்டும் என்று கை தூக்கிவிட்டதைச் சொன்னான், ஒரு ஆறுதல் வார்த்தைக்காகத்தான் சொன்னான்.

"நானுந்தான் தூக்கினேன். வார்டுக்கு வந்து எண்ணிட்டுப் போனாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க அதைப் போடும்போதும் எங்ககிட்ட கேக்கல சார். எடுக்கும்போதும் கேக்கல."

ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பட்டியல் கையில் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான்.

"உக்காந்து வாசிங்க. எது எது முதல்ல வேணும்னு நாங்க சொல்லுதோம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். முதல் பெயர், பள்ளி வண்டிகளின் பிரேக் சோதனை. அதை எழுதுங்க என்றாள். இரண்டாவது, மழைநீர்க் கால்வாய் அடைப்பு. அதையும் எழுதுங்க என்றாள். பக்கத்துக் கட்டில்காரியும் எழுந்து உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். மூன்றாவது பெயர், 'தென்கரை ஏழாம் காவல்.'

"அது என்னது?" என்றாள் தங்கபுஷ்பம்.

இஸ்ரவேல் தாளைப் பார்த்தான். நகரம் அதைத் தினமும் ஒன்பது முறை அழைக்கிறது என்றும், ஒன்பது முறையும் சரி என்று பதில் போகிறது என்றும் அதில் போட்டிருந்தது. அது எதைக் காவல் காக்க வேண்டிய பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தெரியலைக்கா" என்றான்.