பழையதெல்லாம் பத்திரமாக இருக்கும்

நூறு வீதம் என்று திரை காட்டிவிட்டது. பச்சையில் சரி அடையாளமும் விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே... ஒன்றுமே இல்லை.

பைல்களைக் கொப்பி பண்ணி வைத்திருக்கவேண்டிய போல்டரைப் பூரணி மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். வெறுமை. அந்த ஆள் நம்பித் தந்துவிட்டுப் போன லப்டொப்பில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. 'காப்பாற்றிவிட்டேன்' என்று இயந்திரம் பெருமையடிக்கிற இடத்தில் வெறும் காற்று...

ஐயோ... இப்போது வந்துவிடுவானே. எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெளியே மார்கழி மழை, துறைமுகப் பக்கமிருந்து சாய்ந்து சாய்ந்து அடித்தது. டவுனுக்குள் மாடுகள் மாதிரித் திரிகிற மான்கள் சில கடை வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றன; அவற்றில் ஒன்று காதை நிமிர்த்தியது.

"கொஞ்சம் விலத்துங்கோ பாப்பம்... உங்களுக்கும் லப்டொப் திருத்தவேணுமோ?"

மான்களிடம் கேட்டுக்கொண்டே அவன் உள்ளே வந்தான். தலையை உதறினான். இமை நுனியில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் கிடந்து சிவந்த கண்கள்... அந்தச் சிவப்புக்குள்ளும் ஒரு சிரிப்பு. வேறொரு நாளாக இருந்திருந்தால் பூரணி அந்தக் கண்களை இன்னொரு தடவை பார்த்திருப்பாள்.

"முடிஞ்சுதோ, மிஸ்?"

'மிஸ்'ஸாம். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிற காலத்தில், ஜெஸ்மின் அக்காவின் கம்ப்யூட்டர் கடையில் பின்னேரங்களில் நிற்கிறாள். அவ்வளவுதான்.

இல்லை... அவ்வளவுதான் இல்லை. அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பழைய லப்டொப்புகளுக்காகத் தமிழில் ஒரு லினக்ஸ், அதாவது இலவச சிஸ்டம் ஒன்று, செய்துகொண்டிருந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இணையத்தில் மட்டும் கூடுகிற கூட்டம்; அதில் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. புதிய சிஸ்டத்தை லப்டொப்பில் ஏற்றுகிற இன்ஸ்டோலர் என்பது ஒரே துண்டு இல்லை. மொழியைக் கேட்க ஒரு மொடியூல், பெயரைக் கேட்க ஒன்று, டிஸ்க்கை அழிக்க ஒன்று என்று தனித்தனித் துண்டுகள். யாரும் ஒன்று எழுதிச் செருகலாம். பூரணி எழுதியது காப்பாற்றுகிற மொடியூல். டிஸ்க்கை அழிக்க முதல் பழைய படங்களையும் பைல்களையும் வேறொரு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ண வேண்டியது அதன் வேலை.

கடைக்கு வந்த உண்மையான லப்டொப் ஒன்றில் அது ஓடியது இன்றைக்குத்தான் முதல் தடவை.

"முடிஞ்சுது..." என்றாள். "ஆனா... உங்கட பழைய படங்கள்..."

"ஓம், படங்கள்! அதைத்தான் முதல்ல காட்டுங்கோ. சீசன் சீசனா எடுத்தது. நான் திமிங்கிலம் பாக்கப் போற போட்டில வேலை செய்யிறனான். ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வால் வேற மாதிரி, தெரியுமே? எங்கட கைரேகை மாதிரி. நான் எல்லாத்துக்கும் பேர்கூட..."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"மிஸ்... படங்கள் எங்க?"

சொல்லியிருக்கலாம். 'பிழை என்னில' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயம்தான் வாயைத் திறந்தது. பயம் பேசினால் கோபம் மாதிரித்தான் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"நீங்கள் வேறயா ஒரு கொப்பி வச்சிருக்கவேணும். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே? கொப்பி இல்லாமல் யாரும் லப்டொப்பைக் கொண்டந்து குடுப்பினமே?"

அவன் திரையைச் சுட்டிக் காட்டினான்.

"நீங்கள் ஏத்தத் தொடங்கேக்க இதில ஒரு வரி வந்தது. 'பழையதெல்லாம் பத்திரமாக இருக்கும்' எண்டு. அதை வாசிச்சுப்போட்டுத்தான் நான் தேத்தண்ணி குடிக்கப் போனனான்." சிரிப்பு முழுதாக வடிந்துவிட்டிருந்தது. "அதை எழுதினது ஆர்?"

அவள்தான். பயந்த ஆட்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று, பல தடவை அழித்து அழித்து எழுதிய வரி.

லப்டொப்பை அப்படியே விட்டுவிட்டு அவன் மழைக்குள் இறங்கிப் போனான். இந்தத் தடவை மான்களிடம் எதுவும் கேட்கவில்லை.

பிழையைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. அவளுடைய மொடியூல் சரியாகத்தான் வேலை செய்தது. அழிக்கிற மொடியூலும் அப்படியே. வரிசைதான் பிழை. எது முதலில் ஓடவேண்டும் என்று சொல்கிற இடத்தில், புதிதாக வந்தது தன்னுடையதுதானே என்று மரியாதையாகக் கடைசியில் போட்டிருந்தாள். இன்ஸ்டோலர் முதலில் எல்லாவற்றையும் அழித்தது. பிறகு காப்பாற்ற வந்தது. காப்பாற்ற ஒன்றுமில்லை என்பதைக் கண்டும் 'வெற்றி' என்று எழுதிவிட்டுப் போனது. தனியாகச் சோதித்தபோதெல்லாம் தங்கமாக ஓடியது. தனியாக ஓடினால் யார்தான் சரியில்லை?

அன்றைக்கே கூட்டத்துக்கு எழுதினாள். 'எனது மொடியூலை எடுத்துவிடுங்கள். தயவுசெய்து.' காரணம் எழுதவில்லை. இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று நினைத்தாள்.

"அழுது முடிஞ்சா இஞ்ச வா," என்றார் ஜெஸ்மின் அக்கா. "அழிஞ்ச டிஸ்க் எண்டால் எரிஞ்ச டிஸ்க் இல்ல. புதுச் சிஸ்டம் மேலால எழுதாத இடத்தில பழையது இன்னும் உள்ளுக்க கிடக்கும். தோண்டிப் பாரு."

தோண்டினாள். டிஸ்க்கின் அடியிலிருந்து வால்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன... நீரை வடித்துக்கொண்டு எழும்பும் கரிய வால்கள். சில பாதி கிழிந்து வந்தன. சில வரவேயில்லை. வந்தவற்றுக்கும் பெயரில்லை, திகதியில்லை, வெறும் இலக்கங்கள். எது எந்தத் திமிங்கிலம் என்று அவனைத் தவிர யாருக்குத் தெரியும்?

லப்டொப்போடு அவன் விட்டுப்போன துண்டுக் கடதாசியில் பெயரும் ஊரும் ஒரு போன் இலக்கமும் இருந்தன. சாரங்கன், சல்லி. போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"ஹலோ... நான் பூரணி. கம்ப்யூட்டர் கடையில இருந்து. பிழை என்ர வரிசையில. உங்களில இல்ல. கொஞ்சப் படம் வந்திருக்கு. பேர்தான் இல்ல. நீங்கள் வந்து சொன்னா... நான் திருப்பி எழுதித் தாறன்."

மறுமுனையில் கடல் இரைந்தது.

"தேத்தண்ணி கிடைக்குமோ?" என்றான் கடைசியில்.

வந்தான். பிறகு அடுத்த நாளும் வந்தான். மழைக் காலத்தில் போட்டுகள் கரையில்தானே? கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு கைக்கு எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துப் பெயர் சொல்லுவான்.

"இது ஆச்சரியக்குறி. வலப்பக்கம் ஒரு கோடும் கீழ ஒரு புள்ளியும், பாத்தீங்களே?"

"இது?"

"இது ஓட்டை வாளி."

"திமிங்கிலத்துக்கு ஓட்டை வாளி எண்டோ பேர் வைப்பினம்?"

"அவர் தண்ணி விடுற மாதிரியைப் பாத்திருந்தா நீங்களும் அதைத்தான் வச்சிருப்பீங்கள்."

அவள் சிரித்துவிடுவாள். சிரித்ததைக் கவனித்து உடனே நிறுத்திவிடுவாள். ஏன் நிறுத்தினோம் என்று பிறகு வீட்டில் சோறு பிசைந்துகொண்டு யோசிப்பாள். தன் பிழையில் நொந்த ஒருவன் பக்கத்தில் இருந்து சிரிக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அவன் வர ஐந்து நிமிடம் பிந்தினாலும் வாசலைப் பார்க்கிறேனே... அது எந்த உரிமையில்?

ஒருநாள், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "உங்கட இன்ஸ்டோலருக்குக் கண் இல்லையே? வெறும் போல்டரைப் பாத்துப்போட்டு ஏன் சந்தோசப்பட்டது?"

"நான் பாக்கச் சொல்லேல்ல. கொப்பி பண்ணு எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"பாவம். சொன்னதைச் செய்திருக்கு." கோப்பைக்குள் பார்த்துச் சொன்னான். "நீங்களும் பாவம்."

அந்த ஒரு சொல்... திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்றைக்கு அவன் போன பிறகு, மூடி வைத்திருந்த மொடியூலை மெல்லத் திறந்தாள். தன் வேலையை அழிக்கிற வேலைக்கு மேலே தூக்கி வைத்தாள். 'ஒன்றும் கிடைக்காவிட்டால் நில். அழிக்க விடாதே. ஆளைக் கேள்.' இப்படி ஒரு பகுதியும் சேர்த்தாள். அனுப்பத் துணிவு வரவில்லை. அவன் படங்கள் முழுதாக வராத வரைக்கும் அனுப்புவது எப்படி? வராத படங்களில் ஒன்றைப் பற்றி அவன் பேசும்போதெல்லாம் கண்கள் தூரத்துக்குப் போய்விடும். குட்டியோடு வந்த ஒரு தாய்த் திமிங்கிலமாம். அதை இரண்டாம் தடவை அவன் காணவேயில்லையாம்.

"பிள்ளை," என்றார் ஜெஸ்மின் அக்கா, போட்டோகொப்பி மெசினுக்குப் பின்னாலிருந்து. "அந்தத் தம்பி கடைசி ரெண்டு நாளும் ஒரே வாலுக்கு ரெண்டு பேர் சொன்னவர். கவனிச்சியா?"

"மறந்திருப்பார் அக்கா."

"ம்... மறந்திருப்பார்."

பெயர் வைக்க வால்களே மிஞ்சாத பின்னேரம் அது. மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. சாரங்கன் கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது என்ன?"

"படங்கள். எல்லாம். திகதியோட. பேர்களை நான் திரும்ப எழுதிப்போட்டன். குட்டியோட வந்த தாயும் இருக்கு." டிஸ்க்கை அவள் பக்கம் தள்ளினான். "எங்கட போட் முதலாளி முனீப் நானா, விளம்பரத்துக்குப் போட எண்டு என்ர கமெரா மெமரி கார்டில இருந்த எல்லாத்தையும் கொப்பி பண்ணி வச்சிருக்கிறார். எனக்கு முதல்ல தெரியாது. அண்டைக்கு நான் கோவிச்சுக்கொண்டு போனது பொய் இல்ல. நீங்கள் கோல் எடுத்ததுக்குப் பிறகு, போன கிழமைதான் தெரியவந்தது..."

அவள் டிஸ்க்கைத் தொடாமலே நிமிர்ந்தாள்.

"போன கிழமையோ? அப்ப ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா வேலை முடிஞ்சுபோடும். நான் பிறகு எதைச் சொல்லிக்கொண்டு இஞ்ச வாறது?"

எழுந்துவிட்டாள். கண்கள் நிறைந்துவிட்டன, அது கோபமா, ஆறுதலா, வேறொன்றா... பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் பயந்து செத்தனான்! என்ர மொடியூலையே எடுக்கச் சொல்லிட்டன். இனி எழுதுறதில்ல எண்டு முடிவெடுத்தனான், தெரியுமே? நீங்கள் இதில இருந்து ஓட்டை வாளி, ஓட்டை வாளி எண்டு..."

அவன் முகம் வெளுத்தது. "எடுத்திட்டீங்களே? அது... அது எனக்குத் தெரியாது, பூரணி."

முதல் தடவையாகப் பெயர் சொல்கிறான். அதுவும் இப்போதா?

"நீங்களும் வரிசையை மாத்திப் போட்டிட்டீங்கள்," என்றாள். "முதல் உண்மையைச் சொல்லியிருக்கவேணும். மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகுதான் ஓடவேணும்."

போட்டோகொப்பி மெசினை ஜெஸ்மின் அக்கா நிறுத்திவிட்டிருந்தார்.

"நீங்கள் உங்கட வரிசையைத் திருத்திப் பாத்தனீங்களோ?" என்றான் மெதுவாக.

"ஓம்."

"அப்ப... ஒரு நிமிசம் பொறுங்கோ."

விறுவிறென்று வெளியே போனான். மான்கள் திடுக்கிட்டு விலகின. கொட்டுகிற மழையில் வீதி வரைக்கும் போய், திரும்பி, தலை சொட்டச் சொட்ட, முதல்நாள் மாதிரியே மறுபடியும் உள்ளே வந்தான்.

"வணக்கம். நான் சாரங்கன், சல்லி. என்ர படங்கள் எல்லாம் பத்திரமா இருக்கு. நீங்கள் ஒண்டையும் துலைக்கேல்ல. அதை மறைச்சது என்ர பிழை, மன்னிக்கவேணும். நீங்கள் திரும்ப எழுதவேணும். அது என்ர ஆசை." மூச்செடுத்தான். இமை நுனியில் அதே மாதிரி ஒரு துளி... "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அது கடைசி. இந்த வரிசை சரியோ?"

அவளால் தலையை மட்டுமே அசைக்க முடிந்தது. வரிசை சரி என்றுதான் அசைத்தாள். அதற்கு மேல் எதற்கும் இல்லை... இல்லையா?

"அப்ப, காரணம் ஒண்டும் இல்லாமல், நாளைக்கும் வரலாமோ?"

துளி விழுந்தது.

இன்ஸ்டோலரில் ஆட்கள் பயப்படுகிற எல்லாக் கேள்விக்கும் பூரணியின் கூட்டம் ஒரு பதிலை முன்கூட்டியே தெரிவு செய்து வைத்திருந்தது. மொழியா, தமிழ். இடமா, கொழும்பு நேரம். யோசிக்கத் தெரியாதவர்கள்கூட 'அடுத்து' என்பதை அழுத்திக்கொண்டு போய்விடலாம். கடைசிப் பக்கத்தில் மட்டும், இனித் திரும்ப ஏலாது என்ற இடத்தில், எதையும் தெரிவு செய்து வைக்கவில்லை. அதை ஆளே அழுத்த வேண்டும்.

வீட்டில் என்ன சொல்லுவார்கள்? பல்கலைக்கழகம் வேறு ஊரில் கிடைத்தால்? ஒரு கிழமை மறைத்தவன் இன்னொரு தடவை மறைக்க மாட்டானா? அப்படியானால் இந்த நெஞ்சு ஏன் இப்படி, ஓடுகிற வேலை எல்லாம் ஒன்றாக ஓடுகிற மாதிரி...

அவன் நனைந்தபடி காத்துக்கொண்டு நின்றான். எது முதல் ஓட வேண்டும்... அவளுடைய பயமா, அவளா?