ஏழாவது வடிகுழாய்

வடிகுழாயில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கலையரசி கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். கார்த்திகைத் தூறலில் ஏரி சில்லிட்டுக் கிடந்தது. அதே நீர் கரை மண்ணுக்குள் ஊறி, அடிவாரத்தில் பதித்த ஏழு குழாய்கள் வழியே சேற்று வாடையோடு கசிந்து வரும்போது மட்டும் ஏன் காய்ச்சல்காரன் உள்ளங்கைபோல் சுடுகிறது?

காஞ்சிபுரத்துக்கு மேற்கேயுள்ள அந்தப் பழைய ஏரியில் கூடுதல் நீர் தேக்க, உபரிநீர் வழியும் கலங்கலை இரண்டடி உயர்த்திக் கட்டி, கரைக்கடியில் ஓடிய பழைய மதகுச் சுரங்கத்தை அடைத்து, கரைமேல் புதுமண் கொட்டியிருந்தார்கள். இன்றுதான் நீர் புது மட்டத்தைத் தொட்டிருந்தது. பழைய கரை தாங்கும் என்று உதவிப் பொறியாளர் கலையரசி கையெழுத்திட வேண்டும். அவள் கணிப்பு பிசகினால், கீழே காலனியில் நூற்றிருபது வீடுகள்.

"தெளிஞ்ச தண்ணிதான வருது மேடம், இன்னா சந்தேகம்?" என்றார் நீர்க்கட்டி சின்னப்பையன். மதகைத் திறந்து மூடுவது அவர் குடும்பத்து வேலை.

"சூடா இருக்குதுங்க."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

"பழைய மதக அடைச்ச அன்னிக்கி நான் இல்லமா. ஓரிக்கையில மச்சான் வூட்டு விசேஷம். அடைக்கிறதுக்கு முந்தி உள்ள மூணு தபா குரல் குடுக்கணும். ஆடோ ஆளோ இருந்தா வெளிய வரணும்ல? காண்ட்ராக்டர் பிரேம்நாத்து குரலும் குடுக்கல, ஒண்ணும் குடுக்கல. காலைல கான்கிரீட்டு, மதியானம் பிரியாணி. முடிஞ்சிது."

"உள்ள வேலை செஞ்சவங்க?"

"வடக்கத்திப் பசங்க. அன்னிக்கே ரயிலேறிட்டாங்கன்னாரு. ஏறுனத யாரு பாத்தா?"

அவள் கரையை ஏறிட்டுப் பார்த்தாள். "புது மதகு ஷட்டரத் தூக்கிடுங்க. மட்டத்த இறக்கிடலாம்."

அது அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவருடைய குடை கரையின் வளைவில் மறைந்தது. தவளைச் சத்தம். புதுமண்ணின் வாடை. ஏழு குழாய்களின் சலசலப்பு.

கைபேசி அதிர்ந்தது. பிரேம்நாத்.

"மேடம், இன்னும் கையெழுத்து போடலியா? நம்ம கரைமேல அவ்ளோ டவுட்டா?"

"மதகு அடைக்கும்போது உள்ள யாருனா இருந்தாங்களா சார்?"

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

அப்போதுதான் கவனித்தாள். சலசலப்பு குறைந்திருந்தது.

முதல் குழாய் நின்றிருந்தது. சொட்டுக்கூட இல்லை. நிறைந்த ஏரிக்குக் கீழே கசிவு இப்படிச் சட்டென நிற்காது. இரண்டாவது நின்றது. மூன்றாவது. யாரோ கரைக்குள்ளே நடந்துகொண்டே ஒவ்வொன்றாக மூடுவதுபோல. நான்கு. ஐந்து. ஆறு.

குனிந்து முதல் குழாய்க்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

உள்ளங்கை.

ஊறி வெளுத்த உள்ளங்கை. உள்ளிருந்து குழாயின் வாயை அழுத்திப் பிடித்திருந்தது. ரேகைகளில் சிமெண்ட்.

இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. ஆறு குழாய். ஆறு கை.

ஏழாவதை அடைக்க மட்டும் கை இல்லை. அதிலிருந்து நீர் கலங்கி வந்தது. பிறகு சிவப்பாக. கரையின் மண் கரைந்து வந்தது.

"சின்னப்பையண்ணே!"

காலனியில் விளக்குகள் எரியத் தொடங்கின. எங்கோ குக்கர் விசில்.

காலடியில் கரை ஒருமுறை அசைந்தது.

ஆறு கைகளும் அழுத்தத்தைத் தளர்த்தாமல், ஒரு விரலை மட்டும் நீட்டின. மெல்ல மடக்கின. மறுபடி நீட்டி, மறுபடி மடக்கின.

அவளைப் பார்த்து. வா, வா என்று.