பின்வாசல் இலை

புனேவிலிருந்து வந்த தம்பதி ஈரக் குடையோடு வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. கொங்கண் கடற்கரையில், வேங்குர்லாவுக்குத் தெற்கே, சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது சுலபாவின் வீடு. இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் அவள் ஏழு வயது மகள் முக்தாவை வளர்த்தாள்.

அன்று அமாவாசை. அவள் கணவன் தத்தாராம் படகோடு போய் இரண்டு வருஷம். உடல் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோனவர்களுக்கு அமாவாசை மதியம் பின்வாசலில் இலை போடுவது அந்த ஊர் வழக்கம். போட்ட கையோடு திரும்பிவிட வேண்டும். பேசக்கூடாது. முக்கியமாக, உபசரிக்கக்கூடாது.

"இன்னிக்காவது வாய அடக்குங்க அண்ணி. யாரைப் பாத்தாலும் தின்னு தின்னுன்னு உயிர எடுக்கிற ஆளு நீங்க" என்றாள் நாத்தனார் ரத்னா, வடையைத் திருப்பிப் போட்டபடி.

உண்மைதான். விருந்தாளி மூன்று முறை போதும் என்று சொல்லும்வரை விடாமல் பரிமாறினால்தான் அங்கே அது விருந்து. புனேக்காரர் இலையை மறைத்துக் கும்பிட்ட பிறகும் சுலபா இன்னொரு மீன் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அதே வேகத்தில் அடுப்படியை ஒட்டிய பின்வாசலுக்குப் போய், இலையில் சோறும் கானாங்கெளுத்திக் குழம்பும் வைத்துத் திரும்பினாள். நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

மழைச் சத்தம் நின்றுபோயிற்று.

"போடு."

தொண்டை நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். முதுகுக்குப் பின்னால் டீசலும் அழுகிய வலையும் நாறின. வற்புறுத்தி உபசரித்தவள் பாதியில் கையை இழுத்துக்கொள்ள முடியாது. சுலபா திரும்பிப் பார்க்காமலே, கையைப் பின்னால் நீட்டிச் சோற்றைத் தள்ளினாள்.

"போடு."

குழம்புச் சட்டி காலியாயிற்று. வடைகள் தீர்ந்தன. பானையின் அடியைக் கரண்டி சுரண்டியது.

"பருக்கைகூட இல்லைங்க" என்று கிசுகிசுத்தாள். கண்ணீர் தானாக வழிந்தது.

பிறகு, மிக அருகில், பழைய செல்லக் குரலிலேயே அது கேட்டது.

"முக்தாவ அனுப்பேன். தனியாச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்ல."

'பாபா, பாபா' என்று அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அவர் தட்டிலேயே சாப்பிட்ட பிள்ளை அது.

அடுப்படியில் உறைந்து நின்ற ரத்னாவுக்குச் சுலபா கண்ணைக் காட்டினாள். ரத்னா அடுப்பருகே விளையாடிக்கொண்டிருந்த முக்தாவை வாரி எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தன் வீட்டுக்கு ஓடினாள். காலடிச் சத்தம் தேயும்வரை காத்திருந்து, சுலபா திரும்பினாள்.

இலை மட்டும் கிடந்தது. ஒரு முள்கூட மிச்சமில்லை.

கதவைத் தாழிட்டாள். இன்னும் சாப்பிட உட்காராத புனேக்காரர் மனைவியிடம் உலை கொதிக்க நேரமாகும் என்று மன்னிப்புக் கேட்டு, மறுபடி வடித்துப் போட்டாள். தம்பதி மதியத் தூக்கத்துக்குப் படுக்கப் போனதும் ரத்னாவின் வீட்டுக்கு விரைந்தாள்.

முக்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணைவிட்டு ஒரு நிமிஷம்கூட அகல விடவில்லை என்று ரத்னா சத்தியம் செய்தாள். ஆனால் பிள்ளை ஒரு வாய்கூட வாங்க மாட்டேன் என்கிறாளாம்.

சுலபா மகளின் வயிற்றைத் தொட்டாள். அது பானை போல உப்பி, சில்லென்று இருந்தது.

"பசிக்கலையா கண்ணு?"

"பாபா ஊட்டிட்டாரு."

சுலபா கட்டிலில் உட்கார்ந்து மகளை இறுக அணைத்தாள்.

முக்தா நெளிந்தாள். "அந்தப் பக்கம் உட்காரு ஆயி. நீ பாபா மடியில உட்காந்திருக்க."

சுலபாவின் சேலைக்கு அடியில், உலர்ந்த போர்வையிலிருந்து ஈரம் மெல்ல ஊறி ஏறத் தொடங்கியது.