காற்றில்லாத உலை

உலையிலிருந்து அவள் இறக்கிய எவர்சில்வர் தண்டுகளில் ஒன்று மட்டும் முழுதாகச் சாம்பல் நிறம் ஏறாமல் இருந்தது. நடுவே ஐந்து பளபளப்பான கீற்றுகள். தண்டை இறுக வைக்க உலைக்குள் விடும் நைட்ரஜன், மூடி மறைத்த இடத்தில் ஏறாது. எவர்சில்வர் அங்கே இறுகாமல் பழைய மினுக்கோடு நிற்கும். ஆனால் அவள் எதையும் மறைத்து வைக்கவில்லை. கீற்றுகளின் மேல் விரல்களை வைத்துப் பார்த்தாள். யாரோ இறுகப் பிடித்த தடம். சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விலகியிருந்தது.

அண்ணனுக்கு அப்படித்தான் விலகியிருக்கும்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. கையால புடிச்ச மாதிரி இல்ல?"

சூப்பர்வைசர் சிரித்தார். "நானூறு டிகிரி சூட்டுல யாரும்மா புடிப்பா? வேர்வைக் கையோட தொட்டிருப்ப. அடுத்த லோடை நல்லாத் தொடச்சு ஏத்து. பேய்க்கெல்லாம் ஓவர்டைம் குடுக்க முதலாளி ஒத்துக்க மாட்டாரு."

அவர் சாப்பிடப் போய்விட்டார்.

இந்த உலையைச் சுத்தம் செய்ய இறங்கியபோதுதான், கசிந்து தேங்கிய நைட்ரஜனில் மூச்சடைத்து அண்ணன் போனான். வாசனைகூட இல்லாத சாவு. அவன் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் அண்ணி, இரண்டு பிள்ளைகள். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

புதுத் தண்டுகளை நிறுத்தி மூடியை இறக்கினாள். காற்றை உறிஞ்சும் பம்ப்பின் இரைச்சல் சூடான எண்ணெய் வாடையோடு மெல்ல மெல்ல முணுமுணுப்பாகத் தேய்ந்து அடங்க, உள்ளே பார்க்கும் கண்ணாடிக்குள் ஒவ்வொரு தண்டின் மேலும் மின்சாரம் பாய்ந்ததும் எழும் ஊதா ஒளி தோல்போலப் படர்ந்து, தண்டே இல்லாத நடு இடத்திலும் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது.

டக். டக்.

உள்ளிருந்து.

"அண்ணா?"

அழுத்தம் காட்டும் முள் ஏறியது. இறங்கியது. அசையவே கூடாத முள். கூடவே ஒளியும் கூடியது, குறைந்தது.

அவள் மூச்சு வாங்கும் அதே வேகத்தில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முள் நின்றது.

போதும், மூச்சு விடு என்று மனசுக்குள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வாயைத் திறந்தாள். காற்று வரவும் இல்லை, போகவும் இல்லை. சுவிட்சை நோக்கி நீண்ட கை பாதியில் தொய்ந்தது. கால் துவண்டது. நெற்றி கண்ணாடியில் முட்டியது.

முள் மறுபடி அசையத் தொடங்கியது. ஏறியது. இறங்கியது. அவசரமே இல்லாமல்.

அவள் திறந்த வாய்க்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்தது.

உட்புறத்தில்.