ஒன்பது வருடப் பேருந்து

காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதிவிட்டால் வேலூரில் யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. அதனால் நிதிலன் விடியும்போதே பேருந்தின் கூரைமேல் ஏறிவிடுவான். அன்று கடைசிச் சூரியத்தகட்டை இறுக்கிவிட்டு இறங்கியபோது மணி ஏழேகால். தள்ளி நின்று பார்த்தான். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. செய்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லை.

காட்பாடியில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய டவுன் பஸ் அது. இருக்கைகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, சுவர்களுக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சு அடைப்பதற்கே மூன்று வருடம் போயிற்று. பிறகு தண்ணீர்த் தொட்டி, கட்டில், சமையல் மேடை. மேடையை அவன் மனைவி தர்ஷிகா இரண்டு முறை பிரிக்கச் சொன்னாள். முதலில் உயரம் சரியில்லை என்றாள், அடுத்த வருடம் சன்னல் பக்கம் வேண்டும் என்றாள். ஒவ்வொரு முறையும் வேலை இன்னொரு வருடம் தள்ளிப் போனது. அவன் முகம் சுளிக்கவில்லை. அவளுக்காகத்தானே கட்டினான்.

வருடாவருடம் பங்குனி பாதியில் தொடங்கி ஆடிப் பெருக்கு வரை, வெயிலுக்காகச் சமவெளி அடைப்பு. ஊருக்கு மின்சாரமும் தண்ணீரும் நின்றுவிடும். எல்லோரும் மலைக் குளிர்முகாம்களுக்குப் போக வேண்டும். ஆண்களுக்கு ஏலகிரி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஜவ்வாது மலை. குடும்பத்துக்கு ஓர் அறை கொடுக்க மலையில் இடமில்லை. இருநூறு கட்டில் போட்ட கூடங்கள்தான். கல்யாணமான பதின்மூன்று வருடத்தில் நான்கு வருடத்துக்குமேல் தாங்கள் பிரிந்தே இருந்திருக்கிறோம் என்று நிதிலன் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தான். மறுநாளே பழைய பஸ் தேடப் புறப்பட்டான். சொந்தமாகச் சக்கர வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மலைச்சாலையோரம் நிறுத்திடம் உண்டு. அங்கே புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கலாம்.

வண்டிக்கு நிறுத்திட அனுமதி தரும் பரிசோதகர் இலக்கியா அன்று ஏழரைக்கு வந்து உள்ளே ஏறினாள். வெப்பமானியைச் சுவர்களில் வைத்துப் பார்த்தாள். தொட்டியைத் தட்டினாள்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். ரெண்டு பேரும் கைரேகை வெச்சிடுங்க. வெச்சதும் உங்க முகாம் கட்டில் ரத்தாயிடும். அப்புறம் கேட்டா கிடைக்காது, ஆமா."

நிதிலன் உடனே அவள் நீட்டிய கைரேகைப் பலகையில் விரலைப் பதித்தான். தர்ஷிகா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வேணாம்பா," என்றாள்.

"இன்னா வேணாம்? மேடையா?"

"இல்ல. என் கட்டிலை நான் விட மாட்டேன்."

இலக்கியா இருவரையும் பார்த்தாள். "டயரை ஒருதடவ பாத்துட்டு வரேன்," என்று இறங்கிப் போனாள்.

"ஒம்பது வருஷம் தர்ஷி. ஒருதடவயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வருவேன். நீ அளவு டேப்பைக் குடுத்து, அந்தப் பக்கம் புடிம்ப. உன்கூட நின்னு அதைப் புடிக்கறது எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சு. அதான் முடியவே கூடாதுன்னு மேடையைப் பிரிக்கச் சொன்னேன்."

"அங்க இன்னா இருக்கு? இருநூறு கட்டிலு."

"ஆம்பூர் நஸ்ரின் இருக்கா. நாங்க மூணு பேரு சேந்து தொலைநோக்கி பண்றோம். ஆறு வருஷமா அதுக்குக் கண்ணாடியைத் தேய்ச்சு வடிவம் பண்றோம், இந்த வருஷம் முடிஞ்சிடும். அந்த நாலு மாசம் யாரும் என்னை இன்னிக்கு இன்னா சாப்பாடுன்னு கேக்கறதில்ல."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"மொத வருஷமே சொன்னேன். பொழுது போகுதே, நல்லதுன்ன."

நிதிலனுக்கு அது நினைவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரிந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று புரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. இலக்கியா நிழலுக்குள் ஓடி வந்தாள்.

"உங்க கட்டிலு ரத்தாயிடுச்சு சார். வண்டிய ஒருத்தர் பேர்லயும் பதியலாம். பதியவா?"

அவன் தலையாட்டினான்.

நான்கு நாள் கழித்து அடைப்பு தொடங்கியது. நிறுத்திடத்துக்குப் போகும் சாலை பெண்கள் முகாம் வழியாகத்தான் போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் நிதிலன் அந்த வாசலைப் பார்த்ததில்லை. தர்ஷிகாவை இறக்கிவிட வண்டியை அங்கே நிறுத்தியதும் ஏழெட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். தர்ஷிகா அவர்களை உள்ளே கூப்பிட்டு, அலமாரிகளைத் திறந்து காட்டினாள், எந்த ஆணியை எந்த வருடம் அடித்தோம் என்றுகூடச் சொன்னாள். அவளுடைய பேச்சு உரக்க இருந்தது. யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. அவன் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான்.

பெண்கள் இறங்கிப் போன பிறகு அவள் அருகில் வந்து நின்றாள்.

"இவ்ளோ பெரிய வண்டியில நாலு மாசம் தனியா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

தர்ஷிகா அவன் தோளில் கை வைத்தாள்.

"எனக்கும் முகாம்ல மொத வருஷம் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.