பழைய துணி என்று எழுதிய பெட்டிகள்

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? பேசினா எதிரொலிக்குது."

"பேசினாத்தானே எதிரொலிக்கும்? பேப்பரைக் கையில எடுத்தா நீங்க வாயே திறக்கிறதில்லையே."

"சின்ன வீட்டுக்குப் போனா பேசித்தானே ஆகணும்? உன் பக்கத்தை விட்டா உட்கார வேற இடமே இருக்காது."

மூன்று மாதத்துக்கு முன்னால், மகனை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய மாலையில், கணவரும் அவளும் இப்படிப் பேசிச் சிரித்திருந்தார்கள். மகள் அதற்கு முன்பே கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தபடியே அவள் இன்று கூடத்துச் சுவரின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

குடும்பப் படத்தை அவர் நேற்றுதான் கழற்றினார். இருபது வருடம் ஒரே இடத்தில் தொங்கிய படம். அதன் பின்னால் சுவர் வெளுத்து, சதுரமாக ஒரு தடம் இருக்க வேண்டும். இல்லை. ஆணி அடித்த துளையும் இல்லை. விரலால் தடவினாள். அந்த இடத்தில் எதுவுமே என்றுமே தொங்கியதில்லை என்பதுபோல், சுவர் முழுக்க ஒரே சீராகப் பழசாகியிருந்தது.

உள் அறையிலிருந்து ஒட்டுநாடாவைக் கிழிக்கும் சத்தம் வந்தது. மூன்று மாதமாக இந்த வீட்டின் சத்தம் அதுதான். அட்டைப்பெட்டியின் உலர்ந்த வாடையும் அந்துருண்டை வாடையும் அவள் தலைமுடிவரை ஏறியிருந்தன. சின்ன வீட்டுக்கு மாறுவதற்காக, எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவர் உள்ளே இருந்து பிரிப்பார். கட்டி ஒட்டிக் காலால் கூடத்துக்குத் தள்ளுவார். கூடத்து மேசையில் உட்கார்ந்து அவள் சீட்டு எழுதி ஒட்டுவாள். "நீ பிரிக்க உட்கார்ந்தா உடைஞ்ச பொம்மையைக்கூட மடியில வச்சுட்டு அழுவ. கட்டுறது என் வேலை, எழுதுறது உன் வேலை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவளுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். மூன்று முறை பெயரைப் படிக்காமல் ஒரு மாத்திரை அட்டையையும் யார் கையிலும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள், உள்ளேயிருந்து அவர் "பழைய துணி" என்று குரல் கொடுத்தால், திறந்து பார்க்காமல் பழைய துணி என்றே எழுதினாள். கட்டின புருஷன் சொல்வதையுமா சரிபார்ப்பது? மாலையில் வண்டிக்காரர் வந்து பெட்டிகளை எடுத்துப் போவார்.

அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா, அப்பா இன்னும் கட்டி முடிக்கலையா?"

"கட்டிட்டே இருக்கார். உன் தம்பி ஜெயிச்ச கப்பெல்லாம் கொஞ்ச நாள் உன் வீட்டுல வச்சுக்கிறியாடி? புது வீட்டுல அலமாரியே இல்ல."

"எந்தத் தம்பி?"

"எந்தத் தம்பியா? உனக்கு எத்தனை தம்பிடி?"

"ஒருத்தனும் இல்ல. அதான் கேக்குறேன், யாரைச் சொல்ற? பக்கத்து வீட்டுப் பையனையா?" மகள் சிரித்தாள். "மத்தியானம் தூங்கிட்டியா? போய் முகத்தைக் கழுவும்மா."

அந்தச் சிரிப்பில் விளையாட்டு இல்லை. போனில் மகனின் எண்ணைத் தேடினாள். எண்கள் வரிசையாக ஓடின. அவன் இல்லை.

வெளியே மேகம் கூடி, மாலைக்கு முன்னாலேயே வீடு இருட்டிக்கொண்டு வந்தது. மகனின் அறைக்குப் போகும் நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குளியலறை தாண்டி ஒன்பது அடி; தூக்கத்தில்கூட அவள் கால்களுக்குத் தெரிந்த தூரம். நான்காவது அடியில் நெற்றி இடித்தது.

சுவர்.

கதவு இல்லை. உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்த, உலர்ந்த, பழைய சுண்ணாம்பு. மூலையில் ஒட்டடைகூட இருந்தது.

கிர்ர்ர். மறுபடி அந்தச் சத்தம்.

உள் அறையில் அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அறையில் ஒரு நாற்காலி. ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு தலையணை. அவர் மடியருகே கடைசிப் பெட்டி. அதற்குள் அவள் சேலைகள், அவள் கண்ணாடிக் கூடு, முடி சிக்கிய அவள் சீப்பு. மேலாக, மருந்தக அடையாள அட்டை.

"அது என்னோடது" என்றாள்.

"பழைய துணி" என்றார் அவர். "எழுதிடு."

"எழுதமாட்டேன்."

"எழுதிட்டியே."

பெட்டியின் பக்கவாட்டில் சீட்டு ஒட்டியிருந்தது. சாய்ந்த எழுத்து. அவள் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

"நம்ம பையனை என்ன பண்ணீங்க? தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. காய்ச்சல் கண்ட நாட்களில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த அதே இதமான குரல். "மூணு மாசமா உட்கார்ந்து எழுதின. ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்தியா? வீடு எவ்வளவு லேசாயிடுச்சு, பாரு."

அவர் போன் அடித்தது. மகள். "சொல்லுடா கண்ணு... ஆமா, இன்னைக்கு முடிஞ்சிடும்... எனக்கு ஒருத்தனுக்கு ஒரு ரூம் போதும்டா." அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். மறுமுனையில் மகள் யாரைப் பற்றியும் கேட்கவில்லை.

பெட்டியின் ஒரு மடல் மூடியது.

அவள் பாய்ந்து அடையாள அட்டையைப் பிடுங்கினாள். படம் இருந்த இடம் வெளுத்திருந்தது. பெயர் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள். எதுவும் இல்லை. வாயைத் திறந்து தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் முட்டித் திரும்பியது. என்ன எழுத்தில் ஆரம்பிக்கும்? எத்தனை எழுத்து?

இரண்டாவது மடல் மூடியது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம்.

கல்யாணமான முதல் மாதத்திலிருந்து அவர் அவளை 'இந்தா', 'இங்க பாரு' என்றுதான் கூப்பிட்டார். கேட்டால் சிரித்துவிடுவாரோ என்ற வெட்கத்தில் முப்பத்தொரு வருடம் அவள் கேட்காமலே இருந்த ஒன்று இருந்தது. அவர் நாடாவின் நுனியை நகத்தால் நெம்பிவிட்டு நிமிர்ந்தார். தவறான வீட்டுக்கு வந்து நிற்கும் அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல், மரியாதையாகப் புன்னகைத்தார்.

கிர்ர்ர்.

"ஒரே ஒரு தடவை," என்றாள் அவள், "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."