உப்புநீரில் கரைத்த நீலம்

இந்நேரம் காய்ந்திருக்க வேண்டுமே.

அமுதவல்லி விரலை இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஆடி வெயில். மேலே தார் அட்டைக் கூரை இளகி, அதன் நெடி கொட்டகை முழுக்கக் கவிந்து கிடந்தது. கொடியில் போட்ட புடவை சோறு வடிப்பதற்குள் மொடமொடவென்று ஆகிவிடுகிற சூடு. இந்தச் சூட்டில் அக்ரிலிக் வண்ணம் பிரஷ்ஷிலேயே இறுகிப்போகும். "வேகமா இழுங்கக்கா, இது உங்களுக்காகக் காத்துட்டு இருக்காது" என்று கீதாஞ்சலி முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மற்றப் படங்களெல்லாம் அப்படி உடனே காய்ந்தவைதான். இது மட்டும் போன வாரம் வரைந்தது. இன்னும் ஈரம்.

கடல் உள்ளே வந்து போன பிறகு இந்தக் கொட்டகை வரிசைக்கு யார் யாரோ வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள். ஒருவர் மரக்காணத்து வெயிலில் எல்லோருக்கும் கம்பளிக் குல்லாய் கொடுத்துவிட்டுப் போனார். கீதாஞ்சலி குயிலாப்பாளையத்திலிருந்து வண்ணக் குப்பிகளோடு வந்தாள். சின்னப் பெண். பெண்களைப் பாய் விரித்து உட்கார வைத்து, என்ன வரையப் போகிறோம் என்று யோசிக்க வேண்டாம், கை போகிற பக்கம் விட்டுவிடுங்கள் என்றாள். மற்றவர்கள் அலை வரைந்தார்கள், படகு வரைந்தார்கள், போன வீட்டை வரைந்தார்கள். அமுதவல்லிக்கு எதையும் வரையத் தெரியாது. ஒரு அட்டைத் துண்டை எடுத்து, உப்பளத்தில் பலகையால் பாத்தி உப்பை வரப்புக்கு வாருகிற மாதிரி நிறத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மஞ்சளுக்குள் சாம்பல் நுழைந்தது. அடியில் கிடந்த சிவப்பு பிளந்துகொண்டு மேலே வந்தது.

பக்கத்துக் கொட்டகை அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது? மீன் கொழம்ப கவுத்துட்ட மாரி இருக்குது."

"கொழம்புதான். வந்து நக்கிப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கடல் வந்த பிறகு அன்றைக்குத்தான் அமுதவல்லி தன் சிரிப்பைத் தன் காதால் கேட்டாள்.

கீதாஞ்சலி அந்தப் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இது என்னன்னு யாரு கேட்டாலும் பதில் சொல்லாதீங்கக்கா. இது எதுவாவும் இருக்க வேண்டியதில்ல."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அமுதவல்லி ஒவ்வொரு வாரமும் போனாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த எதுவும் ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டியிருந்தது. பாத்தி சதுரமாக இருக்க வேண்டும். உப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். அவள் பெண்டாட்டியாக, மருமகளாக, தாயாக இருக்க வேண்டும். இப்போது, பிள்ளையை இழந்தவளாக. நிறத்தை இழுக்கும்போது எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே எந்தப் பக்கம் திரும்பினாலும் பூஜா இருந்தாள்: குழாயடியில், ரிப்பன் கட்டிய எந்தத் தலையிலும், அடுத்த வரிசைப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரலில். எண்ணத் தொடங்கினாலே அமுதவல்லி உள்ளே போய் விடுவாள். நிறத்துக்குள் மட்டும் பூஜா இல்லை. அங்கே போய் அமுதவல்லி மறந்துவிட்டு வந்தாள். மறந்துவிட்டு வந்த வெட்கத்தோடு ராத்திரி சோறு பொங்கினாள்.

போன வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தில் குடிக்க மட்டும்தான் இருந்தது. நிறத்தைக் கரைக்கக் குடிதண்ணீரை எடுக்க மனசு வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் உப்பளம். வரப்பில் நடந்து போய், கையெட்டிய பாத்தியில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் உப்புநீர் மொண்டு வந்தாள். வந்து கரைத்த பிறகுதான் அது எந்தப் பாத்தி என்று நினைவு வந்தது. கடல் வந்து போன பிறகு அந்தப் பாத்தியில் யாரும் உப்பு வாரவில்லை. நீலம் அதில் என்றைக்கும் இல்லாத அழகோடு கரைந்தது. அவள் கொட்டவில்லை.

மறுநாள் காலையில் கேன்வாஸின் கீழ் விளிம்பில் உப்பு பூத்திருந்தது. துடைத்தாள். அடுத்த நாளும் பூத்தது. பிறகு வாடை. முதலில் கருவாட்டு வாடை என்று நினைத்தாள். அது இல்லை. கருப்புச் சேறும் கிளறிய வேரும் கலந்த வாடை. அன்றைக்கு ஊர் முழுக்க இருந்ததே, அது. படத்தைத் திருப்பிச் சுவர் பக்கம் வைத்தால், அதன் பின்னால் துணி பிழிவது போல ஒரு மெல்லிய சத்தம். நேராக வைத்தால் சத்தம் நிற்கும். அதனால் நேராகவே வைத்திருந்தாள்.

நடுவில் இரண்டு இடங்களில் நிறம் பிடிக்கவே இல்லை. எத்தனை முறை இழுத்தாலும் அந்த இரண்டு இடமும் வெள்ளையாக, உப்பு வெள்ளையாக, மறுபடி வெளியே வந்தன.

சக்கரபாணி மத்தியானச் சோற்றுக்கு வந்தவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தான். அவன் எப்போதும் அவள் படங்களைப் பார்த்ததில்லை. பெண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவைத்திருந்தான்.

"அமுதா. இது அவதான?"

"எது?"

"தலைய சாச்சிக்கினு நிக்குதே. அவ அப்பிடித்தான நிப்பா."

அவள் பார்த்தாள். தலை என்று அவள் எதையும் போடவில்லை. சாம்பலும் நீலமும் கலந்த ஒரு மேடு. ஆனால் அவன் சொன்ன பிறகு அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. ஒரு தோள். இடது பக்கம் சாய்ந்த தலை. கீழே பாவாடை மாதிரி விரிந்த ஒரு தீற்றல்.

"நான் போடலைங்க. தானா வந்துது."

"தானா வந்துச்சின்னா அவளே வந்திருக்கான்னு அர்த்தம்." அவன் இன்னும் கிட்டப் போனான். "நாளைக்கு அமாவாச. புது கவுன் வாங்கி வெச்சிருக்கேன். எதிர்ல வெக்க ஒரு போட்டோ இல்ல. இஸ்கூல் போட்டோல கூட குனிஞ்சி ஷூவப் பாத்துக்கினு நிக்குது. எதப் பாத்து அது சாப்புடும்?"

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கண்ணு வர்ற எடத்த மட்டும் வெள்ளையா உட்டிருக்க. ரெண்டு பொட்டு. கருப்புல. அவ்ளோதான். கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில்ல மண்ணு குதிரைக்கே கண்ணு தெறந்தாதான சாமி எறங்குது? கண்ணு தெறக்காத உருவத்துக்கு எப்பிடி படையல் போடறது?"

"பாக்கறேன்."

"பாக்கறேன்னு சொல்லாத அமுதா. நானும் ஒன்னும் கேட்டதில்ல உன்ன." அவன் எழுந்து கை கழுவினான். "அனுமந்தைக்குப் போயி அக்காவ கூட்டிக்கினு வர்றேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள போட்டு வெய்யி."

அவன் சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகும் அவள் அசையவில்லை. இதில் அவள் வேறொன்றையும் பார்த்துவிட்டிருந்தாள், அவனிடம் சொல்லவில்லை. கவிந்திருந்த அந்த நீலம். அதை அவள் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுத்தது சந்தோஷத்தில். கை தன் இஷ்டத்துக்கு ஓடிய சந்தோஷத்தில். இப்போது அது அந்தச் சின்னத் தோளுக்குப் பின்னால், தோளைவிட மிக உயரமாக, முன்பக்கம் சாய்ந்து நின்றது.

அவள் அலை வரைந்ததே இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. உப்பளத்தின் வெளிச்சம் மட்டும் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் உள்ளே நின்றது. அது எப்போதும் எல்லாவற்றுக்கும் கடைசியாக அணையும் வெளிச்சம். கரண்ட் போயிருந்தது. வரிசையில் எந்தக் கொட்டகையிலிருந்தும் டி.வி. சத்தம் இல்லை. பிள்ளைகள் சத்தமும் இல்லை. கடல் காற்று கூரையின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அமுதவல்லி கருப்புக் குப்பியைத் திறந்தாள். இந்த முறை குடத்துத் தண்ணீரில் கரைத்தாள். சின்ன பிரஷ்ஷை எடுத்தாள். அவன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தகப்பனுக்கு ஆசை இருக்காதா? அவளுக்கே இல்லையா? ஒவ்வொரு நாளும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வந்தது. மூக்கு நினைவிருந்தது. முன்பல் விழுந்த இடம் நினைவிருந்தது. கண் எப்படி இருக்கும் என்பது போன மாதமே போய்விட்டது. இரண்டு பொட்டு வைத்தால் வந்துவிடும். வந்துவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

குனிந்தாள்.

பாதத்தில் ஈரம். கேன்வாஸின் அடியிலிருந்து ஒரு நூல் தண்ணீர் தரையில் ஓடி வந்து அவள் கால் விரலைத் தொட்டு நின்றது.

இன்னும் குனிந்தாள். அந்த இரண்டு வெள்ளை இடங்கள். இதுவரை அவற்றை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்க்கவில்லை. வெள்ளைக்குள் மெல்லிய கோடுகள். ஒவ்வொன்றிலும் நான்கு. ஓரத்தில் குட்டையாக ஒன்று.

கண் இல்லை அவை.

கைகள்.

இரண்டு சின்ன உள்ளங்கைகள், முகத்தை இறுக்கிப் பொத்தியிருந்தன.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை என்று பூஜாவும் உப்பளத்துக்கு வந்திருந்தாள். வேலை செய்யவிடாமல் நச்சரித்தாள், கண்ணாமூச்சி, ஒரே ஒரு தபா என்று. பாத்தி வரப்பில் நின்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். அமுதவல்லி கீற்று மூடிய உப்பு அம்பாரத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே போனாள். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது: "தெறக்கட்டா?" திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னாள்: "இன்னும் இல்ல." அப்புறம் அந்தச் சத்தம். லாரி வருகிற மாதிரி. நூறு லாரி. அம்பாரத்தின் மேல் ஏறிக் கீற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. வரப்பில் சின்ன உருவம் கண்ணைப் பொத்தியபடியே நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. திறக்கவில்லை.

பார்க்கவில்லை. அது ஒன்றுதான். இத்தனை மாதமாக அமுதவல்லி பிடித்துக்கொண்டு கிடப்பது அந்த ஒன்றைத்தான். அவள் பார்க்கவில்லை. வருவது என்ன என்று தெரியாமலே பூஜா போனாள்.

"ம்மா."

காற்று நின்றிருந்தது. கூரை அசையவில்லை.

தண்ணீருக்கு அடியில் வாய் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. மிகப் பக்கத்தில்.

"ம்மா… தெறக்கட்டா?"

பிரஷ்ஷின் நுனியில் கருப்பு திரண்டு நின்றது. விழுந்தால் ஒரு பொட்டு. அவ்வளவுதான். முகம் வந்துவிடும். கண் வந்துவிடும். திரும்பி, தலைக்கு மேல் நிற்கும் நீலத்தை அது பார்க்கும்.

அவள் பிரஷ்ஷை மெதுவாகக் குடத்துத் தண்ணீருக்குள் விட்டாள்.

வெளியே தூரத்தில் சைக்கிள் மணி. அவனும் அவன் அக்காவும் பேசிக்கொண்டு வருகிறார்கள். "போட்டிருப்பா அக்கா, போட்டிருப்பா" என்கிறான்.

வெள்ளை இடத்தில் ஒரு விரல் அசைந்தது. பக்கத்து விரலிலிருந்து விலகியது. நடுவில் ஒரு கோடு இருட்டு.

அமுதவல்லி தன் உள்ளங்கையை அந்தச் சின்னக் கைகளின் மேல் வைத்தாள். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. அழுத்தினாள். அடியில் விரல்கள் ஒவ்வொன்றாக, பொறுமையாக, விரிந்துகொண்டிருந்தன. ஈரமான இமை ஒன்று அவள் கையில் உரசியது. மறுபடி உரசியது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்.

"வேணாம்மா," என்றாள் அவள், தூங்கப்போகும் பிள்ளையிடம் பேசுகிற குரலில். "தெறக்காத. அம்மா இன்னும் ஒளியல."